நெல்லுக்குள் ஏறும் ஆர்சனிக்: பயிர் ஏமாறுவது எங்கே?

நிலத்தடி நீரில் இருக்கும் ஆர்சனிக் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

“ஐயா, என் மகன் கொல்கத்தாவில் வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் போர் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருக்கிறது, அது நெல்லிலும் ஏறுகிறது என்கிறான். விஷத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் கருகிப் போக வேண்டாமா? பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும்போது அரிசியில் மட்டும் விஷம் எப்படி வரும்?”
- வாசகர், மன்னார்குடி

மகன் சொன்னது உண்மைதான். மேற்கு வங்கத்தின் மால்டா, முர்ஷிதாபாத், நாடியா, வடக்கு 24 பர்கானா போன்ற மாவட்டங்களிலும், வங்கதேசத்தின் பல பகுதிகளிலும் இந்தப் பிரச்னை இருக்கிறது. 1983-ம் ஆண்டு கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் கே.சி.சாகாவிடம் கிராமத்து நோயாளிகள் சிலர் வந்தார்கள். அவர்களுடைய தோலில் கரும்புள்ளிகள் இருந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப் போயிருந்தன. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஆர்சனிக்தான் காரணம் என்பது அப்போது தெரியவந்தது. நாட்டு வழக்கில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லப்படுவதும் ஆர்சனிக் சேர்ந்த பொருள்தான்.

இதை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயமலைப் பாறைகளில் இருந்த ஆர்சனிக், கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துவந்த வண்டலோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்தது. அந்த வண்டலில் இருக்கும் இரும்புத் துருவோடு அது ஒட்டிக்கொண்டிருக்கும். மக்கிய பொருள் நிறைந்து, காற்றுப் புகாத ஆழத்தில், நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கின்றன. இரும்பு கரைந்ததும் அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீரில் கலந்துவிடுகிறது. அதிக ஆழமில்லாத குழாய்க் கிணறுகளில்தான் இது கூடுதலாக இருக்கிறது.

அங்கே ‘போரோ’ என்றொரு நெல் பட்டம் உண்டு. பனிக்காலத்தில் நட்டு, கோடையில் அறுப்பார்கள். மழை இல்லாத காலம் என்பதால் முழுக்க முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆர்சனிக் இருக்கும் தண்ணீரை, ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பருவம் முழுவதும் சேர்த்து 1,000 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால், அது ஒரு கோடி லிட்டர். அந்த வயலில் வந்து சேரும் ஆர்சனிக் ஒரு கிலோ. வெள்ளத்தில் கொஞ்சம் அடித்துப் போனாலும், மீதி மேல் மண்ணிலேயே தங்கும். அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

இனி பயிருக்குள் நடப்பதைப் பார்க்கலாம். வேருக்குக் கண் கிடையாது. ஒவ்வொரு சத்தையும் உள்ளே எடுக்க அதன் தோலில் தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. உருவம் பொருந்தினால் வாசல் திறக்கும். ஆர்சனிக் இரண்டு வேஷங்களில் வந்து இந்த வாசல்களை ஏமாற்றுகிறது.

முதல் வேஷம் ஆர்சனேட். காற்றோட்டம் உள்ள மண்ணில் இந்த வடிவம்தான் அதிகம். மணிச்சத்தாகிய பாஸ்பேட்டும் இதுவும் அண்ணன் தம்பி போல இருக்கும். எனவே, மணிச்சத்துக்கான வாசல் வழியாகவே உள்ளே போய்விடும்.

இரண்டாவது வேஷம் ஆர்சனைட். தண்ணீர் கட்டி, காற்றுப் புகாமல் கிடக்கும் சேற்றில் இந்த வடிவம் அதிகம். மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்கானைப் போலவே இதன் அளவும் வடிவமும் இருக்கும். நெல், சிலிக்கானை விரும்பிச் சாப்பிடும் பயிர். தாள் விறைப்பாக நிற்பதும், உமி சொரசொரப்பாக இருப்பதும் அதனால்தான். சிலிக்கானை உள்ளே எடுக்கும் வேர் வாசல்கள் வழியாகவே ஆர்சனைட்டும் நுழைகிறது என்று ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழக விஞ்ஞானி ஜியான் ஃபெங் மா தலைமையிலான குழு 2008-ல் காட்டியது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களைவிட நெல்லில் ஏறத்தாழ பத்து மடங்கு ஆர்சனிக் ஏறுவதற்கு, சிலிக்கான் ஆசையும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்ததே காரணம்.

பயிர் ஏன் கருகவில்லை என்பதுதான் கேள்வியின் மையம். பயிரைக் கொல்லத் தேவைப்படும் அளவு வேறு, அந்த அரிசியை மூன்று வேளையும் பல ஆண்டுகள் சாப்பிடும் மனிதரைக் கெடுக்கப் போதுமான அளவு வேறு. இரண்டாவது அளவு மிகச் சிறியது. அதனால், பயிர் பச்சையாக இருப்பதை வைத்து அரிசி சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது.

“உள்ளே போன ஆர்சனிக் செடியை என்ன செய்கிறது? ஐ.டி.ஐ படித்த எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.”
- வாசகர், திட்டக்குடி

முதல் அடி செடியின் சக்தியில் விழுகிறது. இலையில் தயாராகும் சர்க்கரையைச் செடி எரித்து, அந்தச் சக்தியை ஏ.டி.பி. என்ற பொருளாகச் சேர்த்து வைக்கும். கையில் இருக்கும் காசு போன்றது இது. புது வேர் விட, தூர் கட்ட, கதிர் தள்ள, எல்லாவற்றுக்கும் இந்தக் காசைத்தான் செலவழிக்கும். ஏ.டி.பி.யைச் செய்ய மணிச்சத்து வேண்டும். மணிச்சத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர்சனேட் போய் உட்கார்ந்தால் கள்ள நோட்டு அச்சாகிவிடும். பார்க்க நோட்டுப் போல இருக்கும். ஆனால், நிற்காமல் நொடியில் உடைந்துவிடும். சர்க்கரையை எரித்தது எரித்ததுதான், சக்தி மட்டும் கைக்கு வராது.

அடுத்தது நொதிகளின் மேல் விழும் அடி. செடிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி உண்டு. பல நொதிகளில் கந்தகம் சேர்ந்த ஒரு முனை இருக்கும். அந்த முனைதான் வேலை செய்யும் கை. ஆர்சனைட்டுக்குக் கந்தகத்தின் மேல் தீராத பற்று. போய் அந்தக் கையைக் கட்டிவிடும். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் வேலையில் முக்கியமான நொதி ஒன்றும் இப்படி முடங்குகிறது.

மூன்றாவது சேதம் செடிக்குள்ளேயே உண்டாகும் ‘சூடு’. நொதிகள் தடுமாறும்போது, ஆக்சிஜனிலிருந்து அடங்காத சில வடிவங்கள் உருவாகின்றன. இரும்பைத் துரு தின்பது போல, இவை செல்லின் சுவரை ஒட்டிய மெல்லிய சவ்வுகளை அரிக்கும். பச்சையம் குறையும். பச்சையம் குறைந்தால் சர்க்கரை குறையும், வேரும் குட்டையாகும். குட்டையான வேர் தண்ணீரையும் சத்தையும் குறைவாக எடுக்கும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

செடி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அதனிடம் மூன்று தற்காப்புகள் இருக்கின்றன. உள்ளே வந்த ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றி, அதில் ஒரு பகுதியை வேர் வழியாகவே மறுபடியும் மண்ணுக்குள் தள்ளிவிடும். மீதியைக் கட்டிப்போட, கந்தகம் நிறைந்த சிறு புரதச் சங்கிலிகளைத் தயாரிக்கும். அந்தச் சங்கிலிகள் ஆர்சனைட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, பிடித்ததைக் கொண்டுபோய் செல்லின் நடுவில் இருக்கும் பெரிய பையில் போட்டுப் பூட்டிவிடும். வேரில் மட்டுமல்லாமல் தண்டின் கணுக்களிலும் இந்தப் பூட்டு வேலை நடக்கிறது. கணுவில் பூட்டப்பட்ட ஆர்சனிக் கதிருக்குப் போகாது. அதனால்தான் ஒரே செடியில் வேரில் மிக அதிகமாகவும், தாளில் அதைவிடக் குறைவாகவும், அரிசியில் இன்னும் குறைவாகவும் ஆர்சனிக் இருக்கிறது.

இந்தச் சங்கிலிகளைச் செய்யக் கந்தகம் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். கந்தகச் சத்துக் குறைந்த வயலில் செடியின் பூட்டும் பலவீனமாக இருக்கும். ஆனால், மண்ணிலும் தண்ணீரிலும் ஆர்சனிக் ஏறிக்கொண்டே போனால் எந்தப் பூட்டும் தாங்காது.

“வயலில் பார்த்தே ஆர்சனிக் பாதிப்பைக் கண்டுபிடிக்க அறிகுறி ஏதாவது இருக்கிறதா?”
- வாசகி, மதுராந்தகம்

ஆர்சனிக் மிக அதிகமான வயலில் அறிகுறிகள் தெரியும். நாற்று வளர்ச்சி குன்றும். தூர் குறையும். இலை வெளிறும். வேர் குட்டையாகிப் பழுத்துப்போகும். ஆனால், இவை எல்லாமே துத்தநாகக் குறைபாட்டிலும், வடிகால் இல்லாத வயலிலும், உப்பு நிலத்திலும் வரக்கூடியவை. இதை மட்டும் வைத்து ஆர்சனிக் என்று சொல்லிவிட முடியாது.

கதிரில் தெரியும் அடையாளம் இன்னும் தெளிவானது. நெல் முற்றினால் கதிர் தலை சாய வேண்டும். சில வயல்களில் அறுவடை வரை கதிர் நெட்டுக்குத்தாக நிற்கும். மணி பிடித்திருக்காது, பெரும்பாலும் பதராக இருக்கும். சில நெல்லின் உமி கிளி மூக்குப் போல வளைந்திருக்கும். அமெரிக்காவின் அர்கன்சாஸ், லூசியானா, டெக்சாஸ் மாநில நெல் விவசாயிகள் இதை ‘நேர்த்தலை’ நோய் என்ற பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். அங்கே முன்பு பருத்தி பயிரிட்டு, ஆர்சனிக் சேர்ந்த பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் அடித்த நிலங்களில் பிறகு நெல் நட்டபோது இது கூடுதலாக வந்தது. மருந்து அடிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மண் மறக்கவில்லை. ஆர்சனிக் மக்கிப் போகாது, ஆவியாகியும் பெரிதாகக் குறையாது. பருத்திக்கு அடித்தது நெல்லில் வந்து நின்றது.

இன்னோர் அடையாளம் மடைவாயில் கிடைக்கும். வங்கதேசத்தின் ஃபரித்பூர் பகுதியில், ஒரே வயலில் தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து மறுகோடி வரை மண்ணையும் மகசூலையும் அளந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் வெளிக்காற்றுப் பட்டதும் அதிலிருக்கும் இரும்பு துருவாகப் படியும். அதோடு ஆர்சனிக்கும் படியும். அதனால் மடைவாய்ப் பக்கம் ஆர்சனிக் அதிகமாகச் சேர்ந்திருந்தது. அங்கே கிடைத்த மகசூல், மறுகோடியில் கிடைத்ததில் பாதிக்கும் குறைவு. உரம், விதை, நடவு, ஆள் எல்லாம் ஒன்றுதான். மடைவாயில் பயிர் எப்போதும் குன்றியும், கடைக்கோடியில் செழித்தும் இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால், உறுதிப்படுத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

“மணிச்சத்து வாசல் வழியாக ஆர்சனிக் போகிறது என்றால், டி.ஏ.பி-யைக் கூடுதலாகப் போட்டு வாசலை அடைத்துவிடலாமே?”
- வாசகர், குறிஞ்சிப்பாடி

யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால், நெல் வயலில் அது பலிக்காது. காரணங்கள் இரண்டு.

தண்ணீர் கட்டிய வயலில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனைட். அது மணிச்சத்து வாசலுக்கு வருவதே இல்லை, சிலிக்கான் வாசல் வழியாகப் போகிறது. மணிச்சத்தைக் கொட்டினாலும் அந்த வாசல் அடைபடாது. மேலும், மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக்கை, மணிச்சத்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். தள்ளப்பட்ட ஆர்சனிக் மண் நீரில் கலந்து, வேருக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் அடைக்கப்போய் இன்னொரு பக்கம் திறந்த கதையாகும். மணிச்சத்தை மண் பரிசோதனைப் பரிந்துரையின்படி மட்டும் இடுவதே சரி.

சிலிக்கான் விஷயம் வேறு. மண்ணில் கரையும் சிலிக்கான் போதுமான அளவு இருந்தால், வாசலில் ஆர்சனைட்டோடு அது போட்டி போடும். அத்துடன், சிலிக்கான் நிறையக் கிடைத்த செடி அந்த வாசல்களின் எண்ணிக்கையையே குறைத்துக்கொள்கிறது. நெல் உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா. உமியை மண்ணில் கலந்து செய்த ஆய்வுகளில், அரிசியில் ஆர்சனிக் குறைந்தது. பச்சை வைக்கோலை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் பலன் தலைகீழ். வைக்கோல் வேகமாக அழுகும்போது மண்ணில் மிச்சமிருக்கும் காற்றும் தீர்ந்துபோய், ஆர்சனிக் கூடுதலாகக் கரையும். ஆர்சனிக் உள்ள நிலத்தில் வளர்ந்த வைக்கோல் என்றால், அதிலிருப்பதும் மண்ணுக்கே திரும்பும்.

“அப்படியானால் அந்த ஊர் விவசாயிகளுக்கு வழியே இல்லையா? நெல்லையே விட்டுவிட வேண்டியதுதானா?”
- வாசகர், ஒரத்தநாடு

வழி இருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று காவிரிப் படுகையில் பழக்கப்பட்ட ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’.

வயலில் தண்ணீர் மறைந்து மண்ணுக்குள் காற்றுப் போனதும், கரைந்திருந்த இரும்பு மறுபடியும் துருவாகும். ஆர்சனிக்கைப் பிடித்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வேருக்கு எட்டும் ஆர்சனிக் குறைந்துவிடும். நெல் வேரைப் பிடுங்கிக் கழுவினால் மேலே செம்பழுப்பு நிறப் பூச்சு தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுவும் இரும்புத் துருதான். வேர் விடும் ஆக்சிஜனால் உண்டாகும் அந்தப் பூச்சு, கொஞ்சம் ஆர்சனிக்கை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் இன்னொரு லாபமும் உண்டு. பாய்ச்சும் தண்ணீர் குறைந்தால் வயலுக்கு வந்து சேரும் ஆர்சனிக்கும் அதே கணக்கில் குறையும். 1,000 மில்லிமீட்டருக்குப் பதில் 700 மில்லிமீட்டர் போதுமானால், மேலே சொன்ன ஒரு கிலோ 700 கிராமாகிவிடும்.

செய்முறை எளிது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த ஒரு குழாய் போதும். ஓர் அடி நீள பி.வி.சி. குழாயில் பாதி உயரத்துக்குத் துளைகள் போட்டு, அந்தப் பாதியை வயல் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் தண்ணீர், மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த பாய்ச்சல். நட்ட பயிர் வேர் பிடிக்கும் வரையிலும், பூக்கும் நேரத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் மேலோட்டமாகத் தண்ணீர் நிறுத்த வேண்டும். அமெரிக்க விவசாயிகளும் நேர்த்தலை நோய்க்கு, கதிர் உருவாவதற்கு முன்பு தண்ணீரை வடித்து வயலைக் காயவிடும் வழியைத்தான் கையாள்கிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வயலை மேட்டு நிலம் போல முழுப் பருவமும் காயவிட்டால் ஆர்சனிக் வெகுவாகக் குறையும். ஆனால், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் மண்ணில் இருந்தால், அது காய்ந்த மண்ணில்தான் வேருக்குச் சுலபமாகக் கிடைக்கும். புளிப்பு மண்ணில் இந்த ஆபத்து கூடுதல். எனவே, அளவோடு காயவிடுவதே நல்லது.

தண்ணீரை மாற்ற முடிந்தவர்களுக்கு அதுவே முதல் வழி. குளத்து நீர், ஆற்று நீர், மழை நீர் ஆகியவற்றில் ஆர்சனிக் பொதுவாக மிகக் குறைவு. மேற்கு வங்கத்திலேயே மழையை நம்பி விளையும் ‘ஆமன்’ பருவ நெல்லில், போரோவைவிட ஆர்சனிக் குறைவாக இருக்கிறது. போரோ நெல்லுக்குப் பதில் கோதுமை, மக்காச்சோளம், கடுகு, பயறு என்று போனாலும் தண்ணீர்த் தேவை குறையும், தேங்கிய சேறும் இருக்காது. ஆனால், கிழங்கும் கீரையும் ஆர்சனிக்கைக் கூடுதலாக எடுக்கக்கூடியவை. சந்தேகமுள்ள நிலத்துக்கு அவை மாற்றுப் பயிர் ஆகாது.

“அரிசியில் இருந்தால் சமைக்கும்போது போய்விடுமா? வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா?”
- வாசகி, சீர்காழி

வேகவைப்பதால் ஆர்சனிக் அழியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டினால் மிச்சத்தில் அடர்த்தி கூடும். நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது.

ஆனால், சமைக்கும் விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. அரிசியை நன்றாகக் களைந்து, நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால் அரிசியில் இருந்த ஆர்சனிக்கில் பாதி அளவு வரை கஞ்சியோடு போய்விடுகிறது. குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துச் சமைத்தால் இருந்தது முழுவதும் சோற்றிலேயே நிற்கும். வடிப்பதால் பலன் கிடைக்க, உலை வைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். ஆர்சனிக் உள்ள தண்ணீரில் உலை வைத்தால் சோற்றில் கூடுமே தவிரக் குறையாது. புழுங்கலுக்கு நெல் அவிக்கும் தண்ணீருக்கும் இது பொருந்தும். பாதிக்கப்பட்ட பகுதி அரிசி என்றால், வடித்த கஞ்சியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, மாட்டுத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது.

தவிட்டுப் படலத்தில் ஆர்சனிக் கூடுதலாகத் தங்குகிறது. அதனால்தான் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்கு ஒரு கிலோவில் 0.2 மில்லிகிராம் என்றும், உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35 மில்லிகிராம் என்றும் கனிம ஆர்சனிக்குக்கு வரம்பு வைத்திருக்கிறது. சுத்தமான நிலத்தில், சுத்தமான தண்ணீரில் விளைந்த கைக்குத்தல் அரிசியை இதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

வைக்கோலில் அரிசியைவிடப் பல மடங்கு ஆர்சனிக் இருக்கும். பாதிக்கப்பட்ட வயலின் வைக்கோலையே தின்று, அதே கிணற்றுத் தண்ணீரையும் குடிக்கும் மாட்டுக்கு இரண்டு வழியிலும் விஷம் சேரும். சாணத்திலும் வரும். மேற்கு வங்கத்தில் அந்தச் சாணத்தை வரட்டி தட்டி அடுப்பெரிக்கும் பெண்கள், புகையோடு ஆர்சனிக்கையும் சுவாசிக்கிறார்கள்.

“ஆர்சனிக்கை உறிஞ்சி மண்ணைச் சுத்தம் செய்யும் செடி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?”
- வாசகர், தேனி

உண்மை. அது ‘டெரிஸ் விட்டாட்டா’ என்ற ஒரு பெரணி. 2001-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீனா மா குழுவினர், மரத்துக்கு ஆர்சனிக் மருந்து ஏற்றிய பழைய தொழிற்கூட நிலத்தில் இது செழித்து நிற்பதைக் கண்டார்கள். இதன் இலை உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் ஆர்சனிக் சேர்த்து வைக்கக்கூடியது. இந்தியாவிலும் ஈரமான சுவர் இடுக்குகளில் வளரும் செடிதான்.

நெல் செய்வதையே இதுவும் செய்கிறது. மணிச்சத்து வாசல் வழியாக எடுத்து, ஆர்சனைட்டாக மாற்றி, பைக்குள் பூட்டுகிறது. நெல் வேரிலேயே பூட்டப் பார்க்கும். பெரணி மேலே இலைக்கு ஏற்றிப் பூட்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அதனால், இலையை அறுத்தால் ஆர்சனிக்கும் வயலைவிட்டு வெளியேறும். ஆனால், ஒரு வயலைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும். அறுத்த இலையை மூடாக்காகவோ, மக்கு உரமாகவோ, தீவனமாகவோ பயன்படுத்தவே கூடாது. எரிக்கவும் கூடாது. கிணற்றிலிருந்து ஆர்சனிக் வந்துகொண்டே இருந்தால் பெரணி வளர்த்தும் பயனில்லை. முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும்.

“தமிழ்நாட்டு விவசாயிகள் இதற்குப் பயப்பட வேண்டுமா? எங்கே பரிசோதிப்பது?”
- வாசகர், விருத்தாசலம்

கங்கைச் சமவெளியில் இருக்கும் அளவுக்கு இது தமிழ்நாட்டில் பரவலான பிரச்னை அல்ல. இங்குள்ள ஆறுகள் இமயமலை வண்டலைக் கொண்டுவருபவை அல்ல. தமிழ்நாட்டுக் கிணறுகளில் உப்பும் ஃபுளோரைடும்தான் பெரிய தொல்லை. ஆனால், ஒரு கிணற்றின் தண்ணீர் எப்படி என்பதை மாநிலத்தை வைத்துச் சொல்ல முடியாது. வங்கத்திலேயே ஒரு வீட்டுக் கிணற்றில் ஆர்சனிக் இருக்க, பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாக இருப்பது சாதாரணம்.

வழக்கமான மண், பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கையில் கார அமில நிலை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள்தான் இருக்கும். ஆர்சனிக் இருக்காது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ விசாரித்தால், எந்தக் கூடத்தில் பார்க்கிறார்கள், மாதிரியை எப்படி எடுத்துவர வேண்டும் என்பது தெரியும். பழைய சாயப்பட்டறை, மரத்துக்கு மருந்து ஏற்றிய இடம், சுரங்கக் கழிவு ஆகியவற்றுக்கு அருகில் கிணறு உள்ளவர்களும், புதிதாகக் குடிநீருக்கு போர் போடுபவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது. பாசன நீருக்கு உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 0.1 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சலாம் என்பதற்காகக் குடத்தில் பிடித்துக் குடித்துவிடக் கூடாது. வங்கத்துக் கிராமங்களில் ஆர்சனிக் கூடிய குழாய்களுக்குச் சிவப்பும், நல்ல குழாய்களுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எந்தக் குழாயில் குடம் வைக்கலாம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.